வேலை நேரத்தில் செல்போன்



2023ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் தேதி. இரவு பத்தே முக்கால் மணி தாண்டியிருந்தது. தில்லி ஷகூர் பஸ்தியிலிருந்து கிளம்பிய மின்சார ரயில் மதுரா ரயில் நிலையத்துக்கு வந்து நின்றது. அதுதான் கடைசி நிறுத்தம். பயணிகள் இறங்கிவிட்டார்கள். ரயிலை ஓட்டி வந்தவரும் இறங்கிவிட்டார். அடுத்த வேலையைப் பார்க்க ஒரு ஊழியர் ஓட்டுநர் அறைக்குள் வந்தார்.

வந்தவர் கையில் செல்போன். அதில் யாரோடோ முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். கண் முழுக்க அதிலேயே இருந்தது. தோளில் ஒரு பை. அதைக் கழற்றி எதிரே வைத்தார். வைத்த இடம் ரயிலின் வேகத்தைக் கூட்டும் கைப்பிடி. பையின் கனத்தில் கைப்பிடி நகர்ந்தது. ரயில் கிளம்பிவிட்டது. தண்டவாளம் முடியும் இடத்தையும் தாண்டி, நடைமேடை மேலேயே ஏறி நின்றது.

நல்ல வேளை, உயிர்ச்சேதம் இல்லை. பயணிகள் இறங்காமல் இருந்திருந்தால்? நடைமேடை ஓரத்தில் குழந்தைகளோடு ஒரு குடும்பம் படுத்திருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது, இல்லையா?

ஓட்டுநர் அறையில் கேமரா இருந்தது. நடந்தது எல்லாம் அதில் பதிந்திருந்தது. ஊழியர்கள் ஐந்து பேர் பணி இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த ஊழியர் கொஞ்சம் குடித்திருந்ததாகவும் செய்தி வந்தது. ஆனால் கேமராவில் எல்லோரும் பார்த்தது, செல்போனை விட்டு நகராத இரண்டு கண்களைத்தான்.

இப்படி ஏதாவது நடந்தால் பெரியவர்கள் உடனே என்ன சொல்வார்கள்? "இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான்" என்பார்கள். அது சரியா?

அமெரிக்காவில் சாட்ஸ்வொர்த் என்று ஒரு ஊர். 2008ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் தேதி அங்கே ஒரு பயணிகள் ரயில் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுநர் செல்போனில் செய்தி எழுதிக்கொண்டிருந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் அதைத் தாண்டிப் போனார். எதிரே சரக்கு ரயில் வந்தது. 25 பேர் இறந்தார்கள். ஓட்டுநரும் இறந்தார். அவருக்கு வயது 46.

ஆகவே இது வயதுக் கோளாறு இல்லை. மனிதருடைய கவனம் அப்படித்தான் அமைந்திருக்கிறது. அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்போம். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கதையைத் தொடங்குவார். கண் பாலின் மேல்தான் இருக்கும். ஆனாலும் பால் வழிந்துவிடும். கண் பார்க்கிறது, மனம் பார்க்கவில்லை. செல்போன் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரைப் போல. ஒரு வித்தியாசம். அவர் எப்போதாவது வருவார். இது நாள் முழுவதும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதற்கென்று சட்டமே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டது. செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டினால் முதல் தடவை 1,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் வரை அபராதம். சிறைத் தண்டனையும் கிடைக்கலாம். கடையிலும் பட்டறையிலும் என்ன செய்வது? அங்கேதான் தினமும் சண்டை.

ஒரு காலத்தில் இந்தச் சண்டை வேறு மாதிரி இருந்தது. அலுவலகத்துக்கு ஒரே ஒரு தொலைபேசிதான். எண்ணைச் சுழற்றும் வட்டில் மேலதிகாரி ஒரு சின்னப் பூட்டைப் போட்டு வைத்திருப்பார். சாவி அவர் பையில். தில்லிக்கு வேலைக்கு வந்த பையன் ஊரில் அம்மாவோடு பேச வேண்டும் என்றால் எஸ்.டி.டி. பூத்துக்குப் போவான். இரவில் கட்டணம் குறையும் என்று காத்திருப்பான். கட்டணம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசுவான். பாதிப் பேச்சு பேச்சாக இருக்காது, பயமாக இருக்கும்.

இந்தியாவில் முதல் செல்போன் பேச்சு 1995 ஜூலை 31ஆம் தேதி நடந்தது. கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு பேசினார். தில்லியில் சஞ்சார் பவனில் மத்திய அமைச்சர் சுக்ராம் பேசினார். அப்போது அது பணக்காரர் பொருள். கூப்பிட்டவர்தான் பணம் கட்டுவார் என்று இல்லை, கேட்டவரும் கட்ட வேண்டும். இன்று தட்டுக் கழுவும் பையனிடமும் செல்போன் இருக்கிறது. பூட்டும் போயிற்று, சாவியும் போயிற்று. மேலதிகாரிகளுக்கு அந்தப் பூட்டின் நினைப்பு மட்டும் போகவில்லை.

தில்லி கரோல் பாகில் ஒரு சாப்பாட்டுக் கடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விழுப்புரத்திலிருந்து வந்த பையன் ஒருவன் வேலை செய்கிறான். வயது இருபது. தோசைக்கல் பக்கத்தில் நின்றுகொண்டு செல்போனைத் தட்டுகிறான். தோசை கருகுகிறது. முதலாளி பார்த்துவிட்டார்.

"டேய் தம்பி, அந்தச் சனியனை எடுத்து உள்ளே வை. இந்த மாதச் சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் பிடித்துக்கொள்வேன்" என்கிறார்.

"முதலாளி, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வரும் என்று பார்த்தேன்" என்கிறான் பையன்.

முதலாளி நம்பவில்லை. போன வாரம் கிரிக்கெட் பார்த்தபோதும் அவன் இதையேதான் சொன்னான்!

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கருகிய தோசைக்குக் காசு கொடுப்பது முதலாளிதான். ஆனால் ஆயிரம் ரூபாயை அவர் பிடிக்க முடியுமா? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் பல பேருக்கு இது தெரியாது. முதலாளிகளுக்கும் தெரியாது.

1936ஆம் ஆண்டிலேயே சம்பளம் கொடுப்பது பற்றி ஒரு சட்டம் வந்தது. அபராதம் ரூபாய்க்கு அரையணாவுக்கு மேல் போகக் கூடாது என்று அது சொன்னது. பிறகு அது நூற்றுக்கு மூன்று என்று மாறியது. இப்போது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அதிலும் அதே அளவுதான். ஒரு மாதச் சம்பளத்தில் மொத்த அபராதம் நூற்றுக்கு மூன்று ரூபாயைத் தாண்டக் கூடாது. பையனுக்குச் சம்பளம் 12,000 ரூபாய் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 360 ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா கூடாது.

அந்த 360 ரூபாயையும் நினைத்தபடி பிடிக்க முடியாது. எந்தத் தவறுக்கு அபராதம் என்று முன்கூட்டியே அரசின் ஒப்புதல் வாங்க வேண்டும். அதை வேலை செய்யும் இடத்தில் எழுதி ஒட்ட வேண்டும். பிடிப்பதற்கு முன்னால் ஊழியர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். பிடித்த பணம் கல்லாவில் விழக் கூடாது. ஊழியர்களின் நன்மைக்கே செலவாக வேண்டும். கோபத்தில் வாயில் வந்த ஆயிரத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

அப்படியானால் செல்போனையே உள்ளே விடாமல் செய்துவிடலாமா? காலையில் வாங்கிப் பூட்டி வைத்துவிட்டு, இரவில் கொடுத்துவிடலாமா? சில இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். இங்கே தில்லியில் நடந்த ஒரு துயரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

2019 டிசம்பர் 8ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. விடியும் முன்பு. ராணி ஜான்சி சாலைப் பக்கம் அனாஜ் மண்டி என்ற இடம். குறுகிய சந்து. அங்கே ஒரு கட்டடத்தில் பை, தொப்பி போன்றவை செய்யும் பட்டறைகள் இருந்தன. பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் அங்கேயே வேலை செய்து, அங்கேயே படுத்துத் தூங்குவார்கள். அன்று தீப்பிடித்தது. சன்னல்களில் இரும்புக் கம்பி. வெளியே வர வழியில்லை. புகை சூழ்ந்தது. 43 பேர் இறந்துபோனார்கள்.

உள்ளே சிக்கியவர்களில் சிலர் செல்போனில் ஊருக்குப் பேசினார்கள். ஒருவர் தன் நண்பரைக் கூப்பிட்டார். தான் பிழைக்கப் போவதில்லை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று சொன்னார். அந்தப் பேச்சு நண்பருடைய செல்போனில் பதிவாகியிருந்தது. நாடே அதைக் கேட்டு அழுதது.

செல்போன் அவரைக் காப்பாற்றவில்லைதான். ஆனாலும் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து பிழைக்கிறவருக்கு வீட்டோடு இருக்கிற கயிறு அது ஒன்றுதான். அதை வெட்டிவிட்டு, "கவனமாக வேலை செய்" என்றால் அவன் மனம் எங்கே இருக்கும்? செல்போன் பெட்டிக்குள் இருக்கும். மனமும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும்.

தில்லி அரசின் கல்வித் துறை 2023 ஆகஸ்டில் பள்ளிகளுக்கு ஒரு அறிவுரை அனுப்பியது. பிள்ளைகள் செல்போன் கொண்டுவந்தால் வாங்கிப் பத்திரமாக வைத்து, வீட்டுக்குப் போகும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். இது எல்லோரும் சொல்வதுதான். அதில் வேறு இரண்டு விஷயங்களும் இருந்தன. ஒன்று, அவசரத்துக்குப் பேசப் பள்ளி ஒரு தொலைபேசி எண் தரலாம். இன்னொன்று, வகுப்பிலும் விளையாட்டு மைதானத்திலும் நூலகத்திலும் ஆசிரியர்களும் செல்போனைத் தவிர்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை, ஆசிரியர்களுக்கும்! 2025இல் தில்லி உயர் நீதிமன்றமும் இதே விஷயத்தைப் பார்த்தது. பள்ளியில் செல்போனை முழுவதுமாகத் தடுப்பது நல்லதும் இல்லை, நடக்கிற காரியமும் இல்லை என்றது.

தமிழ்நாட்டிலும் இந்தப் பேச்சு எழுந்தது. உடன் வேலை செய்பவர்களைச் செல்போனில் படம் பிடித்ததாக ஒரு அரசு ஊழியர் மேல் நடவடிக்கை எடுத்தார்கள். வழக்கு மதுரையில் உள்ள உயர் நீதிமன்றக் கிளைக்கு வந்தது. 2022 மார்ச்சில் நீதிபதி தீர்ப்புச் சொன்னார். வேலை நேரத்தில் அரசு ஊழியர்கள் சொந்த வேலைக்குச் செல்போன் பயன்படுத்தக் கூடாது, அதற்கு அரசு விதி செய்ய வேண்டும் என்றார். அவசரம் என்றால் மேலதிகாரியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு பேசலாம் என்றும் சொன்னார். சாளரத்துக்கு வெளியே கையில் மனுவோடு நின்று, உள்ளே இருப்பவர் செல்போனைப் பார்த்துச் சிரிப்பதைக் கண்டவர்களுக்கு அந்தத் தீர்ப்பின் அருமை தெரியும்.

இப்போது கரோல் பாக் கடைக்குத் திரும்பி வரலாம். முதலாளி என்ன செய்யலாம்?

முதலில் எந்த வேலைக்குக் கண் கட்டாயம் வேண்டும் என்று பிரிக்கலாம். எண்ணெய்ச் சட்டி, மாவு அரைக்கும் இயந்திரம், தோசைக்கல். அங்கே நிற்கிறவர் கையில் செல்போன் கூடவே கூடாது. இதில் தாட்சண்யம் பார்க்க வேண்டாம். மதியக் கூட்டம் முடிந்து, மூன்று மணிக்குக் கடை காற்று வாங்கும்போது பையன் பாட்டுக் கேட்டால் என்ன குடி முழுகிவிடும்? அப்போதும் பிடுங்கினால் அது வேலைக்காக இல்லை, அதிகாரத்துக்காக.

பிறகு கல்லாவில் இருக்கும் எண்ணை ஒவ்வொரு பையனும் தன் வீட்டுக்குக் கொடுத்துவைக்கலாம். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தால் அந்த எண்ணுக்கு வரும். முதலாளி அவனைக் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும். "அப்புறம் சொல்லலாம்" என்று மறைத்தால் அதோடு நம்பிக்கை போயிற்று. மறுநாளே செல்போன் இடுப்பில் ஒளியும்.

செல்போனை வாங்கி வைக்கலாம். ஆனால் அதைத் திறந்து யாரோடு பேசினான், என்ன எழுதினான் என்று பார்க்கக் கூடாது. பொருளும் அவனுடையது, பேச்சும் அவனுடையது. பெட்டி வைத்தால் அதில் முதலாளியின் செல்போனும் போக வேண்டும். இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். பெட்டிக்குள் முதலில் மணி அடிப்பது பெரும்பாலும் முதலாளியுடையதாகத்தான் இருக்கும்.

பெட்டி வைக்க முடியாத வேலைகளும் உண்டு. வீட்டுக்கு வீடு சாப்பாடு கொண்டுபோகும் பையன்களைப் பாருங்கள். அவர்களுக்கு எங்கே போக வேண்டும், எத்தனை நிமிடம் என்று சொல்வதே செல்போன்தான். வண்டி ஓடும்போதே அடுத்த அழைப்பு வரும். பார்த்தால் போலீஸ் பிடிக்கும், பார்க்காவிட்டால் வருமானம் போகும். வண்டியை ஓரமாக நிறுத்திப் பார்க்கிற நேரத்தையும் கணக்கில் சேர்த்துக் கொடுக்காத வரை, அந்தப் பையனைத் திட்டிப் பயன் இல்லை.

சாப்பாட்டுக் கடையிலும் இது ஓரளவு நடக்கிறது. கடைக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. வேலை நேரத்தில் "செல்போனைத் தொடாதே" என்கிற முதலாளிதான் இரவு பன்னிரண்டு மணிக்கு, "காலை ஐந்துக்கு வந்துவிடு" என்று அதில் அனுப்புகிறார். பிரான்ஸ் நாட்டில் 2017 முதல் வேலை நேரம் முடிந்தபின் இணைப்பைத் துண்டித்து இருக்கும் உரிமையைச் சட்டமே பேசுகிறது. இங்கேயும் 2018 டிசம்பரில் சுப்ரியா சுலே என்ற உறுப்பினர் மக்களவையில் இதற்காக ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

அது வரை கடைக்காரர் ஒன்று செய்யலாம். கடை அடைக்கும்போது நாளைக்கு யார், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிவிடலாம். பையன்கள் அதைப் படித்துவிட்டுப் போய்ப் படுப்பார்கள். படுப்பதற்கு முன் விழுப்புரத்துக்கு ஒரு அழைப்பு போகும்.