பெட்டிக்குள் பெட்டியும் பாட்டுக்குள் அடியும்



கவிஞர் அவையில் மென்பொருளுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். இரண்டிற்கும் பொதுவான அமைப்பு ஒன்று உண்டு. எழுத்து அசையில் அடங்குகிறது. அசை சீரில், சீர் அடியில், அடி பாவில் அடங்குகின்றன. மென்பொருள் வல்லுநரும் இவ்வாறே ஒன்றினுள் ஒன்றை வைத்துக் கட்டுகின்றனர்.

1958-இல் ஜான் மெக்கார்த்தி உருவாக்கத் தொடங்கிய லிஸ்ப் மொழியில், அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாகவே நிரல் வளர்கிறது. 1994-இல் காமா, ஹெல்ம், ஜான்சன், விலிசிடிஸ் ஆகிய நால்வர் எழுதிய 'டிசைன் பேட்டர்ன்ஸ்' என்னும் நூல், இவ்வமைப்பின் ஒரு வடிவத்திற்குக் 'காம்போசிட்' என்று பெயரிட்டது. ஒரு கோப்புறையிடம் அதன் அளவைக் கேட்டால், அது தன்னுள் இருப்பவற்றைக் கேட்டுக் கூட்டிச் சொல்லும். உள்ளே இன்னொரு கோப்புறை இருப்பின் அதுவும் அவ்வாறே செய்யும். கேட்பவர் அது தனிப்பொருளா, தொகுப்பா என்று ஆராய வேண்டுவதில்லை. இவ்வமைப்பின் பயன் இதுவே.

இதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: கடைசியாகத் திறந்தது முதலில் மூடப்பட வேண்டும். உட்பெட்டியின் ஒரு பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாகாது.

நூல்களைக் கணிப்பொறியில் ஏற்றுவதற்கென 1986-இல் எஸ்.ஜி.எம்.எல். தரமும், 1998-இல் எக்ஸ்.எம்.எல். தரமும் வெளிவந்தன. இவையும் பெட்டிக்குள் பெட்டி முறையையே மேற்கொண்டன. நூல் என்பதே இத்தகைய படிநிலை அடுக்குதான் என்று 1990-இல் டிரோஸ் முதலிய நால்வர் ஒரு கட்டுரையில் வாதிட்டனர்.

கவிதையோ இதற்கு இணங்குவதில்லை. ஓர் அடியின் நடுவில் தொடங்கும் வாக்கியம் அடுத்த அடியின் நடுவில் முடிகிறது. அடி ஒரு பெட்டி, வாக்கியம் ஒரு பெட்டி என்று குறித்தால், இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும், எக்ஸ்.எம்.எல். அதைப் பிழையென்று தள்ளிவிடும். நம் வகையுளி இன்னும் நுட்பமானது. ஓசை கெடாதிருக்கச் சொல்லைப் பிளந்து, ஒரு பாதியை முன் சீரிலும் மறுபாதியைப் பின் சீரிலும் வைக்கிறோம். அங்கே சொல் சீருக்குள் அடங்குவதில்லை.

வல்லுநர் கண்ட வழிகளுள் இரண்டைக் கூறுகிறேன். ஒன்று, வாக்கியத்தைப் பெட்டியாக வைத்து, அடி முறியும் இடத்தில் வெறும் எல்லைக்கல் நடுவது. மற்றொன்று, மூலத்தைத் தொடாமல் எழுத்துகளுக்கு எண்ணிட்டு, யாப்புக்கு ஒரு பட்டியலும் பொருளுக்கு ஒரு பட்டியலும் வெளியே வைத்துக்கொள்வது. முதல் வழி எளிது; ஆனால் ஒன்றைத் தலைவனாக்கி மற்றதைக் கீழிறக்குகிறது. இரண்டாவது உழைப்பு மிக்கது. மூலத்தில் ஓரெழுத்து மாறினாலும் எண்கள் பிறழும். ஆயினும் அது இரண்டிற்கும் சமநீதி வழங்குகிறது.

இது தொழில்நுட்பர் மட்டுமே தீர்மானிக்கும் செய்தியன்று. சீர் பிரித்த வடிவம் ஒன்றையே ஏற்றினால், பிளந்த சொல்லைத் தேடுபவனுக்கு 'இல்லை' என்று கணிப்பொறி விடை தரும். சொல் பிரித்த வடிவம் மட்டும் இருந்தால் ஓசை மறையும். மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்துப் பழநூல்களைப் பதிப்பித்தபோது பொதுவாசகனுக்குக் கதவு திறந்தது. ஓசை தேடுவோர்க்குச் சீர் பிரித்த பதிப்பும் வேண்டியிருந்தது.

ஆகவே, நம் வட்டத்தார் கவிதைகளைக் கணிப்பொறியில் ஏற்றும்போது இரு பிரிப்புகளையும் காக்குமாறு கேளுங்கள். பெட்டிகள் நல்லவை, ஆனால் பாட்டுக்கேற்பப் பெட்டி செய்வோம், பெட்டிக்கேற்பப் பாட்டை வெட்ட வேண்டாம்.