பரந்தனில் எழுந்த வாயுவும் உலகம் கூடும் மாநாடுகளும்

(கிளிநொச்சியில் மாணவரும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட சொற்பொழிவு)



எரிபொருட் கலம் பற்றியும், அதன் பொருட்டு உலகெங்கும் பெருகிவரும் கைத்தொழில் மாநாடுகள் பற்றியும் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். வயலும் குளமும் நிறைந்த வன்னி மண்ணிலே இத்தகைய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். எதற்கு என்பதைச் சொல்லவே நான் வந்திருக்கிறேன்.

இங்கிருந்து சிறிது தூரத்திலே பரந்தன் இருக்கின்றது. 1950களில் அங்கே இரசாயனத் தொழிற்சாலையொன்று எழுந்தது. ஆனையிறவில் விளைந்த உப்பைக் கரைத்து, அந்நீரிலே மின்சாரத்தைச் செலுத்தி, எரிசோடாவையும் குளோரீனையும் அங்கே பிரித்தெடுத்தார்கள். எங்கள் மக்கள் பலருக்கு அது சோறு போட்டது. போர் வந்தது, தொழிற்சாலை நின்றது, கட்டடங்கள் சிதைந்தன. இவை நீங்கள் அறிந்தவை.

ஆனால், உப்புநீரை மின்பகுக்கும்போது கிடைப்பவை இரண்டல்ல, மூன்று. மூன்றாவது பொருள் ஐதரசன் வாயு. ஒரு தொன் குளோரீன் உண்டாகுமிடத்து ஏறத்தாழ 28 கிலோகிராம் ஐதரசனும் உண்டாகியே தீரும். இன்று அமைச்சர்களும் முதலாளிகளும் விமானமேறிச் சென்று எந்த வாயுவைப் பற்றி மாநாடு கூட்டுகிறார்களோ, அதே வாயு அன்று பரந்தனிலே எழுந்தது!

எரிபொருட் கலம் என்பது யாது? மின்சாரத்தைக் கொடுத்து நீரைப் பிரித்தால் ஐதரசனும் ஒட்சிசனும் கிடைக்கும். அதைத் தலைகீழாக்கினால், ஐதரசனையும் ஒட்சிசனையும் கொடுத்து மின்சாரத்தையும் நீரையும் பெறலாம். நெருப்பில்லை, புகையில்லை. வேல்ஸ் நாட்டிற் பிறந்த சட்டத்தரணியான வில்லியம் குரோவ் என்பார் 1839ஆம் ஆண்டிலேயே இதைச் செய்து காட்டினார். எனினும், நூறு ஆண்டுகளுக்கு மேலாக அது ஆய்வுகூடத்து விந்தையாகவே கிடந்தது. 1959இல் பிரான்சிஸ் பேக்கன் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் 5 கிலோவாற்றுக் கலமொன்றை இயக்கிக் காட்டினார். 1965இல் ஜெமினி விண்கலத்திலும், பின்னர் அப்பலோ கலங்களிலும் அது ஏறியது. சந்திரனுக்குச் சென்ற வீரர்களுக்கு மின்சாரம் தந்ததும், குடிக்க நீர் தந்ததும் அதுவே.

இனி மாநாடுகளின் வரலாற்றைப் பாருங்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கியது. மறுஆண்டே அமெரிக்காவின் மயாமியில் ஐதரசன் பற்றி விஞ்ஞானிகள் கூடினர். 1976இல் அங்கேயே முதலாவது உலக ஐதரசன் சக்தி மாநாடு நிகழ்ந்தது. குரோவின் கண்டுபிடிப்புக்கு 150 ஆண்டு நிறைந்த 1989இல், அவர் பெயராலே இலண்டனில் ஒரு கருத்தரங்கு கூடியது. அதுவரை கூடியவர்களிற் பெரும்பாலோர் ஆராய்ச்சியாளர். 1995இல் ஜெர்மனியின் ஹனோவர் கைத்தொழிற் சந்தையிலே இதற்கெனத் தனிப்பகுதி ஏற்பட்டது. 2005இல் தோக்கியோவில் பெருங் கண்காட்சி தொடங்கியது. கட்டுரை வாசித்த மண்டபத்திலே கடை விரிந்தது. விஞ்ஞானி நின்ற இடத்திலே வணிகர் வந்து நின்றார்.

அதன்பின் அரசாங்கங்கள் வந்தன. இந்தியா 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் பசுமை ஐதரசன் திட்டத்தை ஏற்றது. அவ்வாண்டே புதுடில்லியில் சர்வதேச மாநாட்டையும் கூட்டியது. 2024இலும் 2025இலும் அது மீண்டும் கூடியது. 2024 பெப்ரவரியில், கொச்சியிற் கட்டப்பட்ட எரிபொருட் கலப் படகு, மன்னார் வளைகுடாவுக்கு அப்பாலுள்ள தூத்துக்குடியில் நடந்த விழாவிலே தொடக்கிவைக்கப்பட்டது.

இவை ஒரு நாளில் விளைந்த பயிரல்ல. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்ததனாலே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953இல் திறக்கப்பட்டது. ஒரு தமிழ் வள்ளல் அன்று விதைத்த விதை இன்றும் விளைவு தருகின்றது. மாநாடு என்பது அறுவடை விழா. விதைக்காதவன் அங்கே விருந்தாளியாகலாம், உரிமையாளனாக முடியாது!

நண்பர்களே, நான் ஐதரசன் புராணம் பாட வரவில்லை. மாநாட்டு மேடையிலே உரத்துச் சொல்லப்படாத கணக்கு ஒன்று உண்டு. ஒரு கிலோகிராம் ஐதரசனை நீரிலிருந்து பிரிக்க 50 அலகுக்கு மேற்பட்ட மின்சாரம் வேண்டும். அதனை எரிபொருட் கலத்திலிட்டால் திரும்பக் கிடைப்பது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. அத்தோடு, ஒரு கிலோகிராம் ஐதரசனுக்குக் குறைந்தது 9 லீற்றர் தூய நீர் வேண்டும். இரணைமடு நீருக்காக விவசாயி வானத்தைப் பார்த்து நிற்கும் நாட்டிலே இது சிறிய காரியமா? செல்வம் கொழிக்கும் கலிபோர்னியாவிலேயே ஷெல் நிறுவனம் மகிழுந்துகளுக்கான தன் ஐதரசன் நிலையங்களை 2024இல் மூடிவிட்டது. ஆகவே, மாநாட்டுக் கூட்டம் பெருகுவதும் தொழில் பெருகுவதும் ஒன்றல்ல என்பதை நாம் மறத்தலாகாது.

அப்படியானால் நாம் கைகட்டி நிற்பதா? அன்று!

முதலாவதாக, நமக்குப் பொருந்துவது எது என்று காண வேண்டும். புதிதாக நீரைப் பிரிப்பதற்கு முன், வீணாகும் வாயுவைப் பயன்படுத்துவதே சிக்கனம். பெல்ஜியத்தில் அந்துவெர்ப்புக்கு அருகே, பரந்தனைப் போல உப்பைப் பகுக்கும் தொழிற்சாலையிலே 1 மெகாவாற்று எரிபொருட் கல நிலையம் 2012 அளவில் இயங்கத் தொடங்கியது. சீனத்தின் யிங்கோ நகரில் 2016இல் 2 மெகாவாற்று நிலையம் எழுந்தது. உப்பைப் பகுக்கச் செலவான மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கை இவ்வாறு மீட்கலாம். 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலே பரந்தனும் மாங்குளமும் கைத்தொழில் வலயங்களாகக் குறிக்கப்பட்டன. பரந்தனில் இரசாயனத் தொழில் மீண்டும் எழுமானால், அதன் வரைபடத்திலேயே இந்த வாயுவுக்கும் இடமிருக்க வேண்டும் என்று இன்றே கேட்போம். கட்டி முடிந்தபின் கேட்பது வெள்ளம் வந்தபின் அணை போடுவதாகும்.

இரண்டாவதாக, அறிவை இங்கேயே வளர்க்க வேண்டும். அறிவியல்நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும், தொழில்நுட்பப் பீடமும், விவசாய பீடமும் இருக்கின்றன. வவுனியாவுக்கு 2021இல் தனிப் பல்கலைக்கழகம் கிடைத்தது. மின்வேதியியலைச் செய்து பழக ஓர் ஆய்வுகூடம், சிறு கலமொன்று, அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த இருபது இளைஞர்: இவையே எமது முதல் மாநாடு. அவர்கள் கட்டுரையோடு டில்லிக்குச் செல்லட்டும். கைப்பையும் கழுத்து அட்டையும் வாங்கி வருவதற்காக எவரும் செல்ல வேண்டியதில்லை.

மூன்றாவதாக, எல்லாவற்றிலும் முக்கியமானது, மக்களின் சம்மதம். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற்றுக் காற்றாலைகளை அமைக்க வந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. வந்தபோதும் பேச்சு கொழும்பில். போனபோதும் பேச்சு கொழும்பில்! அவ்வாண்டிலேயே மன்னார் மக்கள் காற்றாலைகளை எதிர்த்து வீதியிலே நின்றார்கள். அவர்கள் விஞ்ஞானத்தின் பகைவரா? இல்லை. தம்மைக் கேளாமல் தம் நிலத்திலே தீர்ப்பெழுதுவதையே அவர்கள் எதிர்த்தார்கள்.

நாளை ஐதரசனின் பெயரால் எவரேனும் பூநகரிக் காற்றையும், வன்னியின் வெயிலையும், குளத்து நீரையும் நாடி வரக்கூடும். அன்று மூன்று கேள்விகளை நாம் கேட்க வேண்டும். நீர் எங்கிருந்து? மின்சாரம் யாருக்கு? வேலை எவருக்கு? இவற்றுக்கு எழுத்திலே விடை தருபவரை வரவேற்போம். தராதவர் எந்த மாநாட்டின் மாலையை அணிந்து வந்தாலும் வாசலிலே நிறுத்துவோம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பர். ஆனையிறவும் பரந்தனும் இந்நாட்டுக்கு உப்பிட்டன. அந்த மண்ணின் பிள்ளைகள் கூலிக்கு நிற்பவராக அன்றி, தொழிலை அறிந்தவராக, அதனை ஆள்பவராக உலக மண்டபங்களிலே அமரும் நாளே நான் காண விரும்பும் வளர்ச்சி. அந்நாளுக்கான முதற்பாடத்தை, மாணவர்களே, உங்கள் ஆசிரியரிடம் நாளைக் காலையிலேயே கேளுங்கள்.