கலைஞர் கீறாமல் விட்ட இடம்



படத்தைப் பார்த்துக் கட்டுரை எழுதுமாறு மாணவர்களைப் பணிக்கிறோம். அவர்களும் படத்திலுள்ள பொருள்களை ஒன்றுவிடாமல் எண்ணி எழுதுகிறார்கள். எண்ணுவது வேறு, காண்பது வேறு. இவ்வேறுபாட்டை விளக்க இன்று ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1648-ஆம் ஆண்டில் ஆக்கிய தன்னுருவ அச்சோவியம் அது. உயரம் ஏறத்தாழ 16 சென்டிமீட்டரே.

பொருள்களை எண்ணினால் சிலவே தேறும்: ஒரு சன்னல், ஒரு மேசை, தொப்பியணிந்த மனிதர், அவர் கையில் ஒரு கருவி, அதன்கீழ்த் தாள். இவற்றுக்குப் பொருள் தருவது ஒளியே.

இவ்வகை அச்சு உருவாகும் முறையை முதலில் அறிதல் வேண்டும். செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சிட்டு, ஊசியால் கீறி, அமிலத்தில் இட்டால், கீறிய இடங்கள் மட்டும் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். அப்பள்ளங்களில் மையைத் தேக்கித் தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். ஆகவே, இக்கலையில் இருளைத்தான் கோடுகோடாக வரைய இயலும். ஒளி என்பது கலைஞர் கீறாமல் விட்ட இடம், தாளின் வெண்மை.

இப்போது படத்தை நோக்குவோம். நம் இடப்புறச் சன்னல் வழியே ஒளி நுழைகிறது, தாளின்மீது விழுகிறது, முகத்தின் ஒரு பாதியைத் தொடுகிறது. பின்புறமோ நெருங்கிய கோடுகளால் இருண்டு கிடக்கிறது. சன்னல், கை, முகம் என நம் கண் செல்லும் வழியை ஒளியே வகுத்துவிடுகிறது.

1639-இல் அவர் ஆக்கிய மற்றொரு தன்னுருவ அச்சில், ஆடம்பர உடையணிந்து கற்சுவரில் கை ஊன்றி நிற்கிறார். தொழிற்கருவி எதுவும் அங்கில்லை. ஒன்பது ஆண்டுகளுக்குப்பின் எளிய உடையோடு வேலையில் அமர்ந்திருக்கிறார். முன்னதில் பெருமை உடையில் இருந்தது. பின்னதில் அது உழைக்கும் கைக்கு இடம் மாறியது.

அவர் பார்வை நம்மீது பதிகிறது. தன்னுருவம் வரைபவர் கண்ணாடியைப் பார்ப்பவர் அல்லவா? அக்கண்ணாடி இருந்த இடத்தில்தான் நாம் நிற்கிறோம். தம்மையே ஆராயும் அக்கூர்மை நம்மையும் ஆராய்வதுபோல் தோன்றுவது இந்த அமைப்பினால்தான்.

இன்னொன்றும் உண்டு. தொடக்கநிலைப் பதிவுகளில் சன்னலுக்கு அப்பால் வெறும் வெண்மையே உள்ளது. பிந்திய பதிவுகளில் ஒரு நிலக்காட்சி சேர்ந்திருக்கிறது. வெண்மையாக இருக்கையில் சன்னல் ஒளி தருவதோடு நின்றுவிடுகிறது. நம் கவனம் அறைக்குள் தங்குகிறது. நிலக்காட்சி வந்ததும் கண் வெளியே உலவப் போகிறது. சில கோடுகள் கூடியதால் பொருளே மாறுகிறது.

ஆசிரியர்களே, 'படத்தில் என்னென்ன உள்ளன?' என்பதோடு நிறுத்தாமல், 'ஒளி எங்கிருந்து வருகிறது? எதன்மீது விழுகிறது? எதை இருளில் விடுகிறது?' என்றும் வகுப்பில் வினவுங்கள். அவ்வினாக்களுக்கு விடை தேடும் மாணவருக்குப் பட்டியல் போதாது. காரணம் கூறும் வாக்கியங்கள் வேண்டும். அத்தேவையிலிருந்தே நல்ல உரைநடை பிறக்கும்.