பகடையை மறைக்காதீர்கள்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 2009-இல் இங்கே இயந்திரவியல் முடித்தவன். சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "மாணவர்களுக்குப் பயன்படுற மாதிரி ஏதாவது பேசுப்பா" என்றார். "விளையாட்டைப் பத்திப் பேசலாமா சார்?" என்றேன். கிரிக்கெட் என்று நினைத்துக்கொண்டு, "தாராளமா" என்று சொல்லிவிட்டார். நான் பேசப்போவது விசித்திர ஜந்துக்களைப் பிடித்து, பழக்கி, சண்டைக்கு விடும் விளையாட்டைப் பற்றி. செயலாளர் மன்னிக்க வேண்டும்.

இதற்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை. ஒரு மேஜை, பேப்பர், பென்சில், பகடை போதும். நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் மட்டும் ஆட்டத்தை நடத்துபவர். ஊர், காடு, எதிரி எல்லாம் அவர் பொறுப்பு. "குகைக்குள்ளே ஏதோ உறுமுது, என்ன செய்யறீங்க?" என்று அவர் கேட்பார். மற்றவர்கள் சொல்வார்கள். சொன்னது பலித்ததா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-இல் வெளிக்கொண்டுவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தான் இந்த வகைக்கு மூத்த அண்ணன். அது பிறந்த லேக் ஜெனீவா என்ற சிற்றூர், நான் வேலை பார்க்கும் மில்வாக்கியிலிருந்து காரில் ஒரு மணி நேரம்தான்.

ஜந்து வளர்க்கும் யோசனை ஜப்பானுடையது. சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்த சாட்டோஷி தஜிரி என்பவர், அந்த ஆசையை வைத்து உருவாக்கியதுதான் 'போக்கிமான்' வீடியோ விளையாட்டு. 1996 பிப்ரவரியில் சிவப்பு, பச்சை என்று இரண்டு பதிப்புகளாக வந்தது. மொத்தம் 151 ஜந்துக்கள். சில ஜந்துக்கள் ஒரு பதிப்பில் மட்டுமே உண்டு. மற்றதை வைத்திருக்கும் நண்பனின் கருவியோடு கேபிள் போட்டு இணைத்து மாற்றிக்கொள்ள வேண்டும். சண்டையில் தோற்ற ஜந்து சாகாது, மயங்கி விழும், தேறி எழும். எனக்கு மிகவும் பிடித்த விதி அது.

இந்த இரண்டையும் சேர்த்து ஒரு பனிக்காலத்தில் என் வீட்டு மேஜையில் ஆட்டம் தொடங்கினேன். மதுரையிலிருந்து புதிதாக எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்த ஒரு பையன், அவன் அறை நண்பன், பக்கத்து வீட்டு நர்ஸ் அம்மா, ஒரு நூலகர் என்று நாலு பேர். ஜந்துக்களை நாங்களே கற்பனை செய்தோம். நீர் நெருப்பை அடக்கும், நெருப்பு செடியை அடக்கும், செடி நீரை அடக்கும். தாக்குதல் சாதகமானால் சேதம் இரண்டு மடங்கு, பாதகமானால் பாதி. ஆளுக்கு ஆறு ஜந்து கொடுத்தேன். இருபத்து நாலு அட்டைகளையும் பார்த்துக் கணக்குப் போட்டு முதல் சண்டை முடிய மூன்று மணி நேரம் ஆனது! அடுத்த வாரமே ஆளுக்கு மூன்று, களத்தில் ஒன்று என்று குறைத்தேன். எஞ்சினியர் அல்லவா, இயந்திரத்தைச் சரிசெய்துவிட்டேன். கோளாறு இயந்திரத்தில் மட்டும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

மதுரைப் பையனிடம் ஓர் உடும்பு இருந்தது. மூன்று முறை தவறவிட்டு, நாலாவது முறை பிடித்தது. அதற்கு 'முத்து' என்று பெயர் வைத்து, அட்டையில் படம் வரைந்து, வாராவாரம் வளர்த்தான். நானோ பன்னிரண்டு பக்கத்துக்குக் கதை எழுதி வைத்திருந்தேன். அதன்படி ஏழாவது வாரம் ஒரு திருட்டுக் கும்பல் முத்துவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

திருடன் வந்தான். பையன் தடுக்கப் பகடை போட்டான். விழுந்தது இருபது! நூற்றுக்கு ஐந்து முறைதான் விழும் எண். மேஜையே ஆரவாரம் செய்தது. என் கதை போச்சே என்று எனக்குப் பதைப்பு. ஆட்டத்தை நடத்துபவர் பகடையை ஓர் அட்டை மறைப்புக்குப் பின்னால் போடும் வழக்கம் உண்டு. திருடனுக்காகப் போட்டேன். ஆறு விழுந்தது. "அவனுக்கும் இருபது" என்றேன்.

"காட்டுங்கண்ணா" என்றான்.

"காட்டக் கூடாதுப்பா, அது விதி."

"அப்போ நான் எதுக்குண்ணா பகடை போட்டேன்?"

அடுத்த வாரம் அவன் வரவில்லை. "வேலை இருக்குண்ணா" என்றான். அதற்கடுத்த வாரம் அறை நண்பனும் வரவில்லை. நர்ஸ் அம்மாதான் வெளிப்படையாகச் சொன்னார், நான் நாவல் எழுதுகிறேன், அவர்கள் விளையாட வந்தவர்கள் என்று.

அந்த வாரம் அலுவலகத்தில் ஒரு டிசைன் பற்றிய கூட்டம். "உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்று இளையவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். முடிவான வரைபடம் என் மேஜை டிராயரில் ஏற்கெனவே இருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. முன்பெல்லாம், 'இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஆர்வமே இல்லை' என்று நினைத்திருப்பேன். அன்று அப்படி நினைக்க முடியவில்லை.

மாலையில் பையன் வீட்டுக்குப் போனேன். "ஆறுதான்டா விழுந்தது, பொய் சொல்லிட்டேன். முத்துவைத் திருப்பிக் கொடுத்துடறேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சும்மா கொடுக்காதீங்கண்ணா. நாங்களே தேடிக்கிறோம். பகடையை மட்டும் எல்லாரும் பாக்குற மாதிரி போடுங்க" என்றான்.

மறைப்பு அட்டையைக் குப்பையில் போட்டேன். நாலு வாரம் தேடினார்கள். கடைசியில் கூண்டைத் திறக்கப் பதினைந்தோ அதற்கு மேலோ வேண்டும். விழுந்தது ஒன்பது. முத்து வரவில்லை. ஆனால் ஒருவர் முகமும் சுருங்கவில்லை. "அடுத்த வாரம் வேற வழி பார்ப்போம்" என்று, நான் கனவிலும் நினைக்காத திட்டங்களை நள்ளிரவு வரை போட்டார்கள். பன்னிரண்டு பக்கக் கதையைவிட அது நன்றாக இருந்தது.

தம்பி தங்கைகளே, நாளைக்கு உங்களுக்குக் கீழேயும் நாலு பேர் வேலை செய்வார்கள். தோற்றால் மனிதன் மயங்கி விழுவான், எழுந்துவிடுவான். தான் போட்ட பகடைக்கு மதிப்பில்லை என்று தெரிந்தால் எழுந்து போய்விடுவான். எனக்கு வயதில் மூத்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லத் துணியமாட்டேன்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு விடுதியில்தான் இருப்பேன். பையில் பகடை இருக்கிறது. செயலாளரும் வரலாம்.