பயோடேட்டாவும் ஒரு சாட்சியமே!

(ஏற்காட்டில் இளைஞர்களும் வணிகர்களும் பங்கேற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

நான் வேறொரு தலைப்பில் பேசுவதற்காகத்தான் குறிப்பு எடுத்து வந்தேன். சேலம் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து என்னை இங்கே அழைத்து வந்த ஓட்டுநர் தம்பி, வண்டியை நிறுத்தியதும் ஒரு தாளை எடுத்து நீட்டினார். "ஹஜ்ரத், வளைகுடாவுக்குப் போக பயோடேட்டா போட்டிருக்கிறேன், துஆ செய்யுங்கள்" என்றார். படித்துப் பார்த்தேன். 'ஏசி டெக்னீஷியன், ஐந்தாண்டு அனுபவம்' என்று இருந்தது.

"தம்பி, உமக்கு ஏசி வேலை தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது ஹஜ்ரத். இப்படிப் போட்டால்தான் விசா சீக்கிரம் வரும் என்று ஏஜெண்ட் எழுதிக் கொடுத்தார்."

சகோதரர்களே! அந்தப் பிள்ளை ஒன்பது ஆண்டுகளாக இந்த மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறார். மழையிலும் பனிமூட்டத்திலும், கோடை விழாக் கூட்டத்திலும் ஓட்டியிருக்கிறார். அந்த ஒன்பது ஆண்டைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. உண்மையை மறைத்துவிட்டுப் பொய்யை எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கட்டணமும் வாங்கியிருக்கிறார்கள்!

தன்னைப் பற்றித் தானே எடுத்துச் சொல்வது பெருமையடிப்பது ஆகாதா என்று நம்மில் சிலர் தயங்குகிறார்கள். யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். எகிப்து மன்னரிடம் களஞ்சியப் பொறுப்பைத் தம்மிடம் ஒப்படைக்கும்படி கேட்டார்கள். தாம் பாதுகாப்பவர், விஷயம் அறிந்தவர் என்று இரண்டு தகுதிகளைச் சொன்னார்கள் (12:55). அந்த இரண்டும் அவர்களிடம் இருந்தன. இல்லாத மூன்றாவதைச் சேர்க்கவில்லை. மத்யனில் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும்படி அந்தப் பெண்மணி தந்தையிடம் சொன்னபோதும், வலிமையும் நம்பகமும்தான் தகுதிகளாகச் சொல்லப்பட்டன (28:26). அதற்கு முன்பே அவர் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டியதை அந்தப் பெண்கள் கண்ணால் கண்டிருந்தார்கள். செய்த வேலைதான் அங்கே சான்றிதழ்.

ஆகவே நீங்கள் செய்த வேலையை எழுதுங்கள். 'டிரைவர்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். எந்த வண்டி, எந்தத் தடம், எத்தனை ஆண்டு, லைசென்ஸ் எந்த வகை, விபத்து ஏதும் உண்டா என்பதையெல்லாம் எழுதுங்கள். விடுதியில் ரூம் பாய் வேலை பார்த்தவர், சீசனில் நாளொன்றுக்கு எத்தனை அறைகள் பார்த்தார் என்று எழுதட்டும். காபிக் கடையில் வளர்ந்த பிள்ளைக்கு பார்ச்மெண்ட் எது, செர்ரி எது என்று கையில் எடுத்தாலே தெரியும். எந்தப் பதத்தில் வறுக்க வேண்டும் என்று வாசனையிலேயே சொல்வான். ஏமனிலிருந்து பாபா புதன் கொண்டு வந்ததாகச் சொல்லப்படும் விதைதான் தென்னாட்டுக் காபியின் தொடக்கம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அதை இந்த மலைக்குக் கொண்டு வந்தார். அந்த அரபு மண்ணுக்கே வேலை தேடிப் போகிறவன், தனக்குக் காபி தெரியும் என்பதை எழுதாமல் விடலாமா?

மதரஸாவில் ஓதிய தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. ஏழு ஆண்டு ஓதியதை விட்டுவிட்டு 'பத்தாம் வகுப்பு' என்று மட்டும் எழுதுகிறீர்கள். அரபி படிக்கவும் எழுதவும் தெரியும் என்று எழுதுங்கள். சரளமாகப் பேசுவேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்! நஹ்வும் ஸர்ஃபும் ஓதிய நமக்கு, அங்கே டாக்சிக்காரர் பேசும் அரபி லேசில் பிடிபடாது.

அடுத்து, பெயர். ஷேக், சேக், முஹம்மது, முகமது, இனிஷியல் முன்னால், இனிஷியல் பின்னால். பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று நம் சமுதாயத்தில் எத்தனை பேர்! ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசாவில் 2022 நவம்பரில் அமீரகம் கட்டுப்பாடு கொண்டு வந்தபோது எத்தனை பேர் திகைத்தார்கள்! முதலில் ஆவணங்களைச் சரி செய்யுங்கள். பிறகு பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, பயோடேட்டாவில் எழுதுங்கள்.

பொய் எழுதினால் என்ன ஆகும்? 2022 இறுதியிலிருந்து பிளம்பர், எலக்ட்ரீஷியன், வெல்டர், ஏசி மெக்கானிக் போன்ற வேலைகளுக்கு சவூதி அரசு இந்தியாவிலேயே தேர்வு வைக்கத் தொடங்கிவிட்டது. அங்கேயே பொய் உடைந்துவிடும். தேர்வில்லாத நாட்டுக்குப் போனாலும், வேலை தெரியாது என்று கண்டதும் கூலியாள் சம்பளத்துக்கு இறக்கிவிடுவார்கள். மறுத்தால் டிக்கெட் பணத்தைக் கேட்பார்கள். தாயின் நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கிப் போன பிள்ளை அங்கே நின்று அழுவான். அநீதி இழைக்கப்பட்டேன் என்று தூதரகத்தில் போய் முறையிடலாம்தான். ஆனால் பொய்யான தாளில் உன் கையெழுத்து இருக்கும்போது எந்த முகத்தோடு முறையிடுவாய்? எழுதிக் கொடுத்த ஏஜெண்ட் வந்து நிற்பாரா?

1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம், பதிவு பெற்ற ஏஜெண்ட் மட்டுமே வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கலாம் என்கிறது. கட்டணத்துக்கும் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் என்று உச்சவரம்பு உண்டு. பதிவு எண்ணை மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். தமிழ்நாடு அரசே 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அங்கே போகாமல் டீக்கடை பெஞ்சில் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கிறோமே, இது யாருடைய குற்றம்?

வணிகப் பெருமக்களே, இப்போது உங்களிடம் வருகிறேன். கோபப்படாமல் கேளுங்கள். உங்கள் கடையில் எட்டு வருடம் நின்ற பையன் ஓர் அனுபவக் கடிதம் கேட்டால், "அதெல்லாம் எதற்குப்பா, போய் வேலையைப் பார்" என்கிறீர்கள். கடிதம் கொடுத்தால் பையன் போய்விடுவான் என்ற பயம். சம்பளத்தை எழுத்தில் காட்ட வேண்டுமே என்ற பயம் வேறு. உண்மையான கடிதம் கிடைக்காதவன்தான் பொய்க் கடிதத்தை விலைக்கு வாங்குகிறான். சாட்சியத்தை மறைக்காதீர்கள் என்பது இறைக்கட்டளை (2:283). பொய்ச் சாட்சியத்தைப் பெரும்பாவங்களில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தபோது, சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து அமர்ந்து திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பையன் பொய் எழுதுகிறான் என்று கண்டிக்கிற நாம், உண்மையை எழுதித் தர மறுத்ததற்கு என்ன பதில் சொல்லப் போகிறோம்?

2007இல் நமக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு கிடைத்தது. எத்தனை மேடை, எத்தனை போராட்டம்! அதைப் பெறுவதற்கும் சான்றிதழ்தான் வேண்டும். உள்ளூர் வேலையானாலும் வெளிநாட்டு வேலையானாலும் கையில் தாள் இல்லாத சமுதாயமாகவே நாம் நிற்கிறோம்.

அந்த ஓட்டுநர் தம்பியின் வண்டி முதலாளி இதோ முன்வரிசையில்தான் இருக்கிறார். ஒன்பது ஆண்டுக்கும் கடிதம் தருவதாகச் சற்றுமுன் என்னிடம் ஒப்புக்கொண்டார். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்வானாக! மற்றவர்கள் மஃரிபுக்கு வரும்போது கடையின் லெட்டர்பேடையும் முத்திரையையும் எடுத்து வாருங்கள். தம்பிகள் பாஸ்போர்ட் நகலோடு வரட்டும். இஷா வரை நான் பள்ளியில்தான் இருப்பேன், இன்ஷா அல்லாஹ்.