பிள்ளையிடம் வாய்திறந்து கேளுங்கள்

(பொன்விழா ஆண்டின் பெற்றோர் மாலைக் கூட்டத்தில், பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையார் ஆற்றிய உரை)



விழா ஆண்டிலே, வளரும் பிள்ளைகளின் தற்கொலையைப் பற்றியா பேசுவது என்று எங்களில் சிலரே தயங்கினார்கள். நம் பங்குக்கு ஐம்பது வயது நிறைகிறது. இருபதைக் காணாமல் போன பிள்ளைகளும் நம் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களும் இந்தப் பங்கின் மக்கள்தாம். ஆகவே பேசுகிறோம்.

நாங்கள் ஞாயிறு பூசை முடிந்ததும் கூடி, இருவர் இருவராக வீடு சந்திக்கப் போகிறவர்கள். அரிசி கொடுப்போம், மருந்துச் செலவு விசாரிப்போம், செபம் சொல்லித் திரும்புவோம். அப்படி மாதந்தோறும் போய்வந்த ஒரு வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பையன் இருந்தான். பீடச்சிறுவனாக இருந்தவன் பூசைக்கு வருவதை நிறுத்தினான். எங்களைக் கண்டால் எழுந்து உள்ளே போனான். உயிராக வைத்திருந்த கிரிக்கெட் மட்டையைப் பக்கத்து வீட்டுச் சிறுவனுக்குக் கொடுத்துவிட்டான். தாராள மனசு என்று நாங்கள்கூட மெச்சினோம். பிறகு ஒரு நாள் துக்கமணி அடித்தது. அரிசி இருக்கிறதா என்று கேட்ட நாங்கள், “தம்பி, உனக்கு என்ன கஷ்டம்?” என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு இதைச் சொல்கிறோம். எந்த வீடு என்று தயவுசெய்து யாரும் தேட வேண்டாம்.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார், பக்கத்திலுள்ள கணியம்பாடி வட்டாரத்தில் 10 முதல் 19 வயது வரையுள்ளோரின் சாவுகளை 1992 தொடங்கி 2001 வரை பதிந்து ஆராய்ந்தார்கள். 2004-இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஆண்டுக்கு லட்சத்துக்கு 148 பெண்பிள்ளைகளும் 58 ஆண்பிள்ளைகளும் தற்கொலையால் இறந்தார்கள். எங்களைத் திடுக்கிட வைத்தது அந்த முதல் எண். தேர்வில் தவறிய பையனைத்தான் நாம் கவலையோடு பார்க்கிறோம். வீட்டு வேலையெல்லாம் செய்துகொண்டு, ஏசினாலும் எதிர்த்துப் பேசாமல் இருக்கும் பெண்ணை, “அவளால் தொல்லையே இல்லை” என்று விட்டுவிடுகிறோம். அவள் எதை விழுங்கிக்கொண்டிருக்கிறாள் என்று யாருக்குத் தெரியும்?

காரணம் என்ன என்று கேட்கிறீர்கள். ஒற்றைக் காரணம் கிடையாது. மதிப்பெண், காதல், குடிக்கும் தகப்பன், நாலு பேர் முன்னிலையில் பட்ட அவமானம், மருத்துவம் பார்க்காத மனச்சோர்வு, சொல்ல நா எழாத கொடுமை என்று பலவும் சேர்ந்து அழுத்தும்போது பிள்ளைக்கு வேறு வழி கண்ணுக்குத் தெரிவதில்லை. சாக ஆசைப்பட்டு அல்ல, அந்த வேதனை நிற்க வேண்டும் என்றே தவிக்கிறார்கள். தூக்கம் கெடுதல், சாப்பாட்டில் வெறுப்பு, நண்பர்களை ஒதுக்குதல், ஆசைப்பொருளைக் கொடுத்துவிடுதல், “நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி” என்ற பேச்சு, இவற்றில் எதையும் வீம்பு என்று தள்ளாதீர்கள்.

கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டியதாகாதா என்று ஒரு தாய் எங்களிடம் கேட்டார். ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை என்றே மனநல மருத்துவர்கள் சொல்கிறார்கள். தனியாக உட்கார்ந்து, “அம்மா திட்டமாட்டேன். செத்துப்போகலாம் என்றுகூட உனக்குத் தோன்றுகிறதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்டபின் வாயை மூடிக்கொள்ளுங்கள், இதுதான் கடினம். ஆம் என்று பிள்ளை சொன்னால் அழுது ஆர்ப்பரிக்காதீர்கள். “உனக்கு என்ன குறை வைத்தோம்?” என்று கணக்கும் காட்டாதீர்கள். தனியே விடாமல் கூடவே இருங்கள்.

எலியா இறைவாக்கினர் பாலைநிலத்தில் சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும், உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கடவுளிடமே மன்றாடினார். வானதூதர் வந்து கண்டிக்கவில்லை. அப்பமும் தண்ணீரும் வைத்து, தொட்டு எழுப்பினார். மறுபடி தூங்க விட்டு, மறுபடி வந்து எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். நம் வீடுகளிலோ முதலில் வருவது பிரசங்கம்!

நரகத்துக்குப் போவாய் என்று மிரட்டுகிற பெரியவர்களும் இருக்கிறார்கள். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், தெரிந்தே உயிரை மாய்த்துக்கொண்டவர்களுக்குக் கிறிஸ்தவ அடக்கம் மறுத்தது உண்மை. நம் பங்கு தொடங்கிய காலத்தில் அதுவே சட்டம். 1983-இல் வந்த புதிய சட்டத்தில் அந்தத் தடை இல்லை. 1992-ஆம் ஆண்டு மறைக்கல்வி நூலும், கடும் மனக்கலக்கம் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்றும் கற்பிக்கிறது. மகளையோ மகனையோ இழந்து, மூலையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர் இதைக் கேட்க வேண்டும்.

இனி, இன்று இரவே செய்யக்கூடியது ஒன்று. அந்த எண்ணத்தின் உச்சவேகம் பெரும்பாலும் நீடிப்பதில்லை. அந்த வேளையில் ஆபத்தான பொருள் எட்டாமல் இருந்தாலே பல உயிர் தப்பும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதிச் சிற்றூர்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப்பொதுவான ஒரு கிடங்கில், பூட்டுள்ள பெட்டிகளில் வைத்துப் பார்த்தார்கள். மக்கள் அதை ஏற்றுப் பயன்படுத்தியதாக 2013-இல் வெளியான விவரம் சொல்கிறது. நம் பங்கிலும் விவசாயக் குடும்பங்கள் பாதிக்கு மேல். பூச்சிமருந்து இன்னும் எத்தனை வீட்டில் அடுப்படி மாடத்தில் இருக்கிறது? பாட்டியின் மாத்திரைகளையும் சேர்த்துப் பூட்டுங்கள்.

ஏதேனும் நடந்துவிட்டால், வயிற்றுவலி என்று பொய் சொல்லி நேரத்தைப் போக்காதீர்கள். உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய், நடந்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அப்படிப்பட்டவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகவே கருதுகிறது. தண்டிக்கச் சொல்லவில்லை, மருத்துவம் அளிக்கச் சொல்கிறது. வீடு திரும்பியபின் வரும் வாரங்களும் ஆபத்தானவை. மருத்துவர் சொன்ன நாளில் மறுபடி காட்டுங்கள்.

நம் பங்குக்கும் ஒரு வார்த்தை. மே மாதத்தில் முதல் மதிப்பெண் எடுத்தவர்களைப் பூசை முடிவில் மேடையேற்றிக் கைதட்டுகிறோம். அன்று தவறிய பிள்ளை எந்த வாசல் வழியாக வெளியே போவான்? துணைத்தேர்வு இருக்கிறது, அதே ஆண்டில் தேறலாம் என்பதையும் அதே மேடையில் சொல்லலாமே! பங்குப்பேரவை இதை யோசிக்கட்டும்.

எங்களிடம் சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்கு வேறு காதுகள் உண்டு. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ், எண் 14416. கட்டணமில்லை, இரவிலும் தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண் 104. சென்னையில் 1986 முதல் இதற்கென்றே சிநேகா அமைப்பு இயங்குகிறது. எண்களைக் கோயில் வாசல் பலகையில் எழுதிவிட்டோம். கழிப்பறைச் சுவரிலும் ஒட்டியிருக்கிறோம். பிள்ளைகள் யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ள அதுவே வசதி என்று இளைஞர்கள்தாம் யோசனை சொன்னார்கள்.

கூட்டம் முடிந்தபின் எங்களில் நால்வர் பள்ளித் தாழ்வாரத்தில் விளக்கணைக்காமல் உட்கார்ந்திருப்போம். பெயர் கேட்கமாட்டோம். பெரியவர்கள் முதலில் வீட்டுக்குப் புறப்படுங்கள். பிள்ளைகள் மெதுவாக வரட்டும்.