ஆம்பளை என்னும் பதவி

(பாரிவாக்கத்தில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பெண்கள் மீதான வன்முறை என்றதும் நாம் இரண்டு காரணம் சொல்வோம். குடி, வறுமை. இரண்டும் பாதி உண்மை. குடித்தவன் பூந்தமல்லி ரோட்டில் மடக்குகிற எஸ்.ஐ.யை அடிப்பதில்லை. கூலியில் பிடித்தம் பண்ணுகிற காண்ட்ராக்டரை அடிப்பதில்லை. எவ்வளவு போதையிலும் வீட்டுக்கு வந்துதான் கை நீளுகிறது. யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக்கூடாது என்கிற கணக்கு சாராயத்துக்கு முன்னாலேயே அவனுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கணக்குக்குப் பெயர்தான் ஆண்மை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். இத்தனை வீட்டிலும் பாட்டிலா அடித்தது?

ஆண்மை பிறவியில் வருவதல்ல. "ஆம்பளப் புள்ள அழலாமா?", "வளையல் போட்டுக்கடா" என்று சொல்லிச் சொல்லிக் கொடுக்கப்படுகிற ஒரு பதவி. தினமும் நிரூபித்தாக வேண்டும். எப்போது வேண்டுமானாலும் பறிபோகும். பறிக்கிறவன் இன்னொரு ஆண். அதனால்தான் பெண்ணுடம்பு மேல் விழுகிற அடி பல சமயம் இன்னொரு ஆணுக்கு எழுதுகிற கடிதமாக இருக்கிறது.

வள்ளுவர் 'பேராண்மை' என்கிற சொல்லை எங்கே வைக்கிறார் பாருங்கள். பிறனில் விழையாமையில். அடுத்தவன் மனைவியை நோக்காதது பேராண்மை. நல்லதுதான். ஆனால் அங்கேயும் அவள் 'பிறன் இல்'. இன்னொருவனின் வீடு. தப்பு அவளுக்கு இழைக்கப்பட்டதல்ல, வீட்டுக்காரனுக்கு இழைக்கப்பட்டது.

இந்த வீட்டுக்குச் சுவர் கட்டியது சாதி. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் வாசித்த கட்டுரை, அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்றது. உடன்கட்டை, விதவைக் கோலம், குழந்தை மணம் எல்லாம் அதைக் காப்பாற்ற வந்த ஏற்பாடுகள் என்றது. சாதி நிற்க வேண்டுமானால் பெண் காவலில் இருக்க வேண்டும். காவல்காரன் ஆண். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். கௌசல்யாவையும் வெட்டினார்கள். ஒரு பெண் தானே தேர்ந்தெடுத்ததுதான் அங்கே குற்றம்.

1992 ஜூன் 20. தர்மபுரி மாவட்டம், வாச்சாத்தி. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் பழங்குடி ஊருக்குள் நுழைந்தன. ஆண்களில் பெரும்பாலோர் மலைக்குத் தப்பிவிட்டார்கள். 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார்கள். கட்டை தேட வந்தவனுக்கு இது எதற்கு? 'உன் பொம்பளையக் காப்பாத்த வக்கில்லாதவன் நீ' என்று மலையில் ஒளிந்தவனுக்குச் சொல்லியனுப்பத்தான். மானம் போய்விட்டது என்று பெண்கள் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தால் கடிதம் போய்ச் சேர்ந்திருக்கும். அவர்கள் கோர்ட்டில் நின்று ஆளை அடையாளம் காட்டினார்கள். வழக்கு 19 வருஷம் நடந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்துப்போனார்கள். மிஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29இல் தீர்ப்பு. 2023 செப்டம்பர் 29இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மானம் எங்களிடம் இல்லை, செய்தவனிடம்தான் போயிருக்கிறது என்று அந்தப் பெண்கள் கணக்கைத் திருப்பி எழுதினார்கள்.

இனி நம்ம பக்கம். ஊருக்குள் ஆம்பளையாக நிற்கவிடாமல் தடுக்கப்பட்டவன், சேரிக்குள் நுழைந்ததும் ஆம்பளையாகிறான். பாமாவின் 'சங்கதி' (1994) இதை மறைக்காமல் சொன்னது: வயக்காட்டில் மேல்சாதிக்காரன், வீட்டில் புருஷன். ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ரெய்வின் கானல், கீழே கிடக்கிற ஆணுக்கும் ஆணாதிக்கத்தில் ஒரு டிவிடெண்ட் உண்டு என்கிறார். பேங்க் குமாஸ்தாவான எனக்கு அந்த வார்த்தை சட்டென்று புரிந்தது. கம்பெனி நம்முடையது இல்லை. ஆனாலும் பங்குத்தொகை மட்டும் ராத்திரி வீட்டில் வசூலாகிறது. கவுண்டரில் பார்க்கிறேன்: குழுக் கடன் அவள் பேரில், கையெழுத்து அவள், பாஸ்புக் அவன் சட்டைப்பையில்.

"வீட்டு விஷயத்தை வெளியே பேசினால் சாதி எதிர்ப்பு பலவீனமாகும்" என்பார்கள். யாருக்குப் பலவீனம்? அடிவாங்குகிறவள் இயக்கத்தில் பாதி. மீசை, அரிவாள், 'நாங்களும் ஆண்ட பரம்பரை' என்று பேனர் கட்டுவது, எவன் நம்மை அடித்தானோ அவன் சட்டையை இரவல் வாங்கிப் போடுவது. ஆண்மை அழியாமல் பெண்ணுக்கு விடுதலை இல்லை என்று பெரியார் வாதிட்டார். சாதிக்கும் அதையே சேர்த்துச் சொல்கிறேன்.

அதனால் மூன்று வேலை. மேடையில் போலீஸைப் பார்த்து "வளையல் போட்டுக்கோ" என்று பேசுவதை இன்றோடு நிறுத்துவோம். தோழர் மேல் ஒரு பெண் புகார் சொன்னால் ஆண்கள் மட்டும் கூடிப் பஞ்சாயத்து பேசக்கூடாது. அவள் பக்கம் பெண்கள் உட்கார வேண்டும், முடிவு அவளுடையது. 2005ஆம் வருஷக் குடும்ப வன்முறைச் சட்டப்படி அடிக்கிறவனை விலக்கிவைத்து, அவள் அந்த வீட்டிலேயே இருக்க உத்தரவு கேட்கலாம். வன்கொடுமைச் சட்டத்தை மனப்பாடமாகச் சொல்கிற நம் பையன்கள் இதையும் படித்துவைத்து, கேட்கிற பெண்ணுக்கு மனு எழுதிக் கொடுக்க வேண்டும். மனு கொடுக்கப்பட்டவன் நம்ம ஆளாக இருந்தாலும்.